சாவி அவள் கையில், பத்திரம் யார் பெயரில்?

ஐரிஷ் கிராமத்துக் காதல் நாவல் என்றால் முதல் அத்தியாயம் ஏறக்குறைய மனப்பாடம். பாஸ்டனிலோ லண்டனிலோ ஒரு பெண். ஒரே வாரத்தில் வேலையும் போய், கூட இருந்தவனும் போயிருப்பான். அயர்லாந்திலிருந்து வழக்கறிஞர் கடிதம் வரும்: பாட்டி காலமாகிவிட்டார், வீட்டை உங்கள் பெயருக்கு எழுதி வைத்திருக்கிறார். இரண்டாம் அத்தியாயத்தில் மழை, சகதி, டிராக்டரை நிறுத்தி இறங்கிவரும் ஒருத்தன். இதைக் கேலி செய்யத் தேவையில்லை. புளிக்குழம்பில் புளி இருக்கிறதே என்று யாரும் கோபித்துக்கொள்வதில்லை. இடறுவது அந்தக் கடிதம்தான்.

அயர்லாந்தின் கிராமத்தில் சாவுச் சேதி கடிதத்தில் வராது. அன்றைக்கோ மறுநாளோ ஆர்.ஐ.பி. டாட் ஐ.இ. என்ற தளத்தில் அறிவிப்பு ஏறிவிடும். அதைக் காலையில் தேநீரோடு பார்க்கிறவர்கள் ஏராளம். உள்ளூர் வானொலி தினமும் பெயர் பெயராக வாசிக்கும். இரண்டு மூன்று நாளில் அடக்கம். அதற்குள் நாலு பக்கத்து மனிதர்களும் வரிசையில் நின்று, வீட்டார் ஒவ்வொருவர் கையையும் பிடித்து, "உங்க துக்கத்துக்கு வருந்துறேன்" என்ற அதே ஒற்றை வாக்கியத்தைச் சொல்லிவிட்டு நகர்வார்கள். யார் வீட்டிலிருந்து நாற்காலி, யார் வீட்டிலிருந்து சாண்ட்விச், வண்டிகளை எந்த வயலில் நிறுத்துவது என்பதெல்லாம் கேட்காமலே நடக்கும். பாஸ்டனில் இருக்கும் பேத்திக்கு அதே இரவில் போன் போயிருக்கும். அவள் ஷானன் விமான நிலையத்தில் விடியற்காலை வந்து இறங்கியிருப்பாள்.

ஆக, ஒரு பேத்திக்குப் பாட்டியின் சாவு வக்கீல் கடிதத்தில்தான் தெரிகிறது என்றால், அந்தக் குடும்பத்தில் யாரோ யாருக்கோ சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். முழு நாவலுக்கும் போதுமான மர்மம் அங்கேயே இருக்கிறது. எழுதியவர் அதைத் தெரிந்து வைத்திருந்தால் 200ஆம் பக்கத்தில் அது திரும்பி வரும். தெரியாமல் வைத்திருந்தால் வெறும் தபால். இந்த வகை நாவலை எடைபோட முதல் சோதனை இதுதான். டிராக்டர்க்காரனை அறிமுகப்படுத்தவும் துக்க வீடு நல்ல இடம்: ஒளிரும் மஞ்சள் மேல்சட்டை போட்டுக்கொண்டு, மழையில் கார்களை வயலுக்குள் திருப்பிவிட்டுக்கொண்டிருப்பவன் அவனாக இருக்கலாம். அவன் எப்படிப்பட்டவன் என்று சொல்ல வேறு வசனம் வேண்டாம்.

இந்தக் கதைகளில் காதல் பெரிய சிக்கலே இல்லை. இரண்டு பேரும் சேர்வார்கள் என்று அட்டையைப் பார்த்தாலே தெரியும். சிக்கல், அந்த வீடு யாருக்கு என்பதில் இருக்கிறது. நாட்டார் கதைகளும் அங்கே அலங்காரத்துக்கு இல்லை. நிலத்தின் மேல் உரிமை கொண்டாடும் இன்னொரு தரப்பு அவை. வீட்டுப் பத்திரம் ஒரு கையில், வெட்டக்கூடாத முள்மரத்துக் கதை இன்னொரு கையில் என்று எழுதத் தெரிந்தவர்தான் இந்த வகையில் தேறுகிறார்.

மேற்கு அறை

1930களில் ஹார்வர்டிலிருந்து கான்ராட் ஆரன்ஸ்பெர்க், சோலன் கிம்பால் என்ற இரண்டு மானிடவியலாளர்கள் அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள கிளேர் கவுண்டிக்கு (நம் மாவட்டம் போன்றது) வந்து சிறு விவசாயக் குடும்பங்களோடு பழகி ஆய்வு செய்தார்கள். அவர்கள் பதிவு செய்த திருமண ஏற்பாட்டைப் படித்தால் ஒரு காதல் நாவலாசிரியருக்குத் தேவையான அத்தனையும் கிடைக்கும். நிலம் பிரியக்கூடாது; ஒரு மகனுக்கு மட்டும். அவனுக்குப் பெண் பார்க்கும்போது பெண் வீட்டார் வந்து வயலை நடந்து அளப்பார்கள், மாடுகளை எண்ணுவார்கள். சீதனப் பணத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஃபார்ச்சூன்'. அது மாப்பிள்ளை கைக்கு வராது, மாமனாருக்குப் போகும். அதை வைத்து அவர் இன்னொரு மகளைக் கட்டிக்கொடுப்பார், அல்லது இன்னொரு மகனுக்குக் கப்பல் சீட்டு எடுப்பார். மிச்சப் பிள்ளைகள் ஊரை விட்டுப் போகவேண்டியதுதான்.

கல்யாணத்தோடு கிழவனும் கிழவியும் நடு அடுப்பங்கரையை மருமகளிடம் விட்டுவிட்டு மேற்கு அறைக்குப் போய்விடுவார்கள். வக்கீல் எழுதும் ஒப்பந்தத்தில் அவர்களுடைய மிச்ச ஆயுள் வரிவரியாக வரும்: அந்த அறையில் வசிக்கும் உரிமை, ஒரு மாட்டுக்குப் புல், இவ்வளவு உருளைக்கிழங்கு, எரிக்க இவ்வளவு கரி மண் (சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த மண்கட்டி), ஞாயிறு பூசைக்குப் போய்வர வண்டி. மாமியார் மருமகள் சண்டை வரும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு எழுதிய பத்திரம் அது. குடும்பப் படங்களும் சாமிப் படங்களும் நல்ல மேசையும் அந்த அறையில்தான் இருக்கும். அதைத் தாண்டி மேற்கே கட்டக்கூடாது என்பது நம்பிக்கை. கடவுளைவிடப் பலம் உள்ளவன்தான் வீட்டை மேற்கே நீட்டுவான் என்று ஐரிஷ் மொழியில் ஒரு பழமொழியே உண்டு.

இப்போது இன்றைய கதாநாயகியை அந்த வீட்டுக்குள் விடுங்கள். டப்ளினிலிருந்து வந்த கட்டடக்கலை நிபுணர் வரைபடம் விரிக்கிறார்: மாலை வெயில் மேற்கேதான் வருகிறது, அந்தச் சுவரை உடைத்துக் கண்ணாடிக் கூடம் கட்டலாம். பக்கத்து வீட்டுப் பெரியவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "வெளிச்சம் நல்லாத்தான் இருக்கும்" என்கிறார். அவ்வளவுதான் சொல்வார். மறுநாள் கொத்தனார் வரமாட்டார். இந்தக் காட்சியில் ஆவி, மந்திரம் எதுவும் இல்லை. நாட்டார் வழக்கு இருக்கிறது, வீடு இருக்கிறது, அந்த அறைக்குத் தள்ளப்பட்ட எத்தனையோ கிழவிகள் இருக்கிறார்கள்.

வீட்டின் உடம்பையும் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய மேற்குக் கடற்கரை வீடு ஒரே அறை ஆழம் உள்ளது. அகலத்தில் வளராது, நீளத்தில்தான் வளரும். நடுவில் சமையல் அறை, இரு பக்கமும் அறைகள். முன்கதவும் பின்கதவும் நேருக்கு நேர். காற்று எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப் பக்கக் கதவைத் திறப்பார்கள். கருங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த தடிமனான சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். கதாநாயகன் அன்பு மிகுதியில் அதற்கு சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, இரண்டு குளிர்காலத்தில் உள்சுவரெல்லாம் கறுத்துப் பூத்துவிடும். நாவலில் வரும் பழுதுபார்ப்புக் காட்சிகளில் பாதி இந்தத் தவறோடு முடிகின்றன. எழுதியவருக்கே அது தவறு என்று தெரியாது. சுண்ணாம்புப் பூச்சு உறைபனியில் கெடும். அதனால் நவம்பரில் பூசும் காட்சியும் வேண்டாம்.

உயில், வயல், 11 மாதம்

1965ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம் வரும்வரை ஒரு ஐரிஷ்காரர் மனைவிக்கு ஒன்றுமே இல்லாமல் உயில் எழுதமுடியும். அதன் பிறகு, உயில் என்ன சொன்னாலும் பிள்ளைகள் இல்லாவிட்டால் பாதி, இருந்தால் மூன்றில் ஒரு பங்கு வாழ்க்கைத்துணைக்கு. பிள்ளைகளுக்கு நிலையான பங்கு கிடையாது. ஆனால் 'எனக்குச் செய்யவேண்டியதைச் செய்யவில்லை' என்று மகனோ மகளோ அந்தச் சட்டத்தின் 117ஆம் பிரிவில் நீதிமன்றம் போகலாம். உயிலை நிறைவேற்ற அனுமதி கிடைத்ததிலிருந்து 6 மாதம்தான் கெடு. பேரப்பிள்ளைகளுக்கு இந்த வழி இல்லை.

இந்த ஆறு மாதத்தை நாவலாசிரியர்கள் ஏன் பயன்படுத்துவதில்லை என்பது புரியாத புதிர். பாட்டி மகனை விட்டுவிட்டுப் பேத்திக்கு எழுதியிருக்கிறாள். மாமா மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார். தினமும் தாயைப் பார்த்துக்கொண்டவர் அவர். பேத்தியிடம் மரியாதையாகப் பேசுகிறார், தேநீர் கொடுக்கிறார், கணப்புக்கு விறகு கொண்டுவந்து போடுகிறார். வழக்குப் போடுவாரா மாட்டாரா என்று ஆறு மாதம் யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள். பத்துக் கட்டட முதலாளிகளை வில்லனாகக் கொண்டுவந்தாலும் இந்த அமைதிக்கு ஈடாகாது. அதிலும் மாமா பக்கம் நியாயம் இருக்கிறது என்பதுதான் விசேஷம்.

அடுத்து வயல். பாட்டிக்கு முடியாமல் போன நாளிலிருந்து பக்கத்து வயல்காரன் அங்கே மாடு மேய்க்கிறான். அவன்தான் கதாநாயகன் என்று வைத்துக்கொள்வோம். அயர்லாந்தில் மேய்ச்சலுக்கு நிலம் விடும் பழைய முறை 11 மாதம். முழு ஆண்டு விட்டால் குத்தகை உரிமை ஏதாவது ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயம். 11 மாத வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டே வளர்ந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆண்டுக்காண்டு ஒப்பந்தமும் பணமும் இருந்தால் அவன் அனுமதியோடு இருப்பவன். எதுவுமே இல்லாமல், யாரும் கேட்காமல், வேலியை அவனே கட்டி 12 ஆண்டு கடந்திருந்தால், சட்டப்படி அந்த வயலைத் தனதென்று கோரும் நிலைக்கு வந்துவிடலாம். அவனுக்கு இது தெரியுமா? தெரிந்தும் கேட்காமல் இருக்கிறானா? காதலை வசனத்தில் சொல்லத் தெரியாத ஒருவனுக்கு, கேட்காமல் இருப்பதைவிடப் பெரிய பேச்சு கிடையாது.

வீட்டைப் புதுப்பிக்க அரசு மானியம் உண்டு: காலி வீட்டுக்கு 50,000 யூரோ வரை, இடிந்த வீட்டுக்கு 70,000 வரை. பல நாவல்கள் இதை ஒரு வரியில் தூவி, மூன்றாம் மாதம் புதுக் கூரை போட்டுவிடுகின்றன. நடப்பது வேறு. வீடு குறைந்தது 2 ஆண்டு காலியாக இருந்திருக்க வேண்டும். பாட்டி போன மாதம்வரை அங்கே குடியிருந்தால் மானியம் இல்லை. வேலை முடிந்து, பார்வையிட்ட பிறகுதான் பணம் வரும், அதுவரை கைக்காசு. 5 ஆண்டுக்குள் விற்றால் முழுவதையும், 10 ஆண்டுக்குள் விற்றால் முக்கால் பங்கையும் திருப்பிக் கட்டவேண்டும். 'சரிசெய்து விற்றுவிட்டுத் திரும்பிவிடுவேன்' என்று வந்தவளை ஊரில் கட்டிப்போட இதைவிட நல்ல கயிறு எது? காதலனுக்கும் முன்னால் அரசாங்கம் அவளை இருக்கச் சொல்கிறது.

கட்ட அனுமதி கேட்டால் வாசலில் வெள்ளை அறிவிப்புப் பலகை. 5 வாரத்துக்குள் யார் வேண்டுமானாலும் 20 யூரோ கட்டி ஆட்சேபம் எழுதலாம், ஆனால் பெயர் போட்டுத்தான் எழுதமுடியும்; அந்தக் கடிதம் எல்லோரும் பார்க்கும் கோப்பில் சேரும். ஒரே பூசைக்குப் போகிற, ஒரே மதுக்கடையில் குடிக்கிற ஊரில் அந்த 20 யூரோ இரண்டு தலைமுறைக்குப் பேசப்படும்.

சட்டத்தில் இன்னும் சில கண்ணிகள். அயர்லாந்தில் பிறந்த பாட்டி இருந்தால் அமெரிக்கப் பேத்தி தன்னை வெளிநாட்டுப் பிறப்புப் பதிவேட்டில் சேர்த்துக் குடியுரிமை பெறலாம். ஆகவே விசா நெருக்கடியை வைத்துக் கண்ணீர் வரவழைக்க வேண்டாம். கல்யாணத்துக்கு 3 மாதம் முன்பே பதிவாளருக்குத் தெரிவிக்கவேண்டும். கடைசி அத்தியாயத்தில் 'நாளைக்கே' என்பது நடக்காது. கதாநாயகனுக்கு முதல் மனைவி இருந்தால், 2019 வரை அவர்கள் 5 ஆண்டில் 4 ஆண்டு பிரிந்து வாழ்ந்திருந்தால்தான் மணவிலக்கு. இப்போது 3இல் 2. மணவிலக்கே அங்கே 1995 நவம்பர் பொதுவாக்கெடுப்பில் 9,114 வாக்கு வித்தியாசத்தில்தான் நுழைந்தது. அதற்கு முன் மணந்து பிரிந்தவர்களின் கதைகள் இன்னும் ஒவ்வொரு ஊரிலும் வயதான உருவத்தில் நடமாடுகின்றன. அத்தை ஒருத்தி முப்பது வருடமாக ஒருவரோடு ஞாயிறு சாப்பாடு மட்டும் சாப்பிடுகிறாள் என்றால் காரணம் கேட்கக்கூடாது.

நல்லவர்கள்

தமிழில் மொழிபெயர்ப்பவர்கள் 'ஃபேரி' என்றதும் 'தேவதை' என்று எழுதிவிடுகிறார்கள். வெள்ளைச் சிறகும் மந்திரக்கோலும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. கிளேரில் சொல்லப்படும் ஃபேரிகள், ஐரிஷில் ஷீக்கள், மனித அளவு, மனிதத் தோற்றம். அவர்களுக்கு மாடு உண்டு, சந்தை உண்டு, ஹர்லிங் என்ற மட்டைப்பந்து ஆட்டம் உண்டு. ஆட்டத்துக்கு ஆள் குறைந்தால் மனிதரைத் தூக்கிப்போவார்கள். பெயர் சொல்லி அழைப்பதில்லை. 'நல்ல ஆட்கள்', 'அந்தக் கூட்டம்', 'அவங்க'. கொத்திக் கொல்லும் பாம்புக்கு 'நல்ல பாம்பு' என்று பெயர் வைத்தவர்களுக்கு இந்த 'நல்ல' உடனே விளங்கும். 'அவங்க' என்றே தமிழிலும் விட்டுவிடுவது உத்தமம்.

அவர்கள் இருக்குமிடம் மேகத்தில் இல்லை, வயலில். வட்ட மண்மேடுகள் நாடு முழுக்க ஏறத்தாழ 45,000 பதிவாகியிருக்கின்றன. பெரும்பாலும் கி.பி. 500க்கும் 1000க்கும் இடையே குடியானவர்கள் தங்கள் வீட்டையும் மாட்டையும் சுற்றிப் போட்ட வேலி அது. ஐரிஷில் லிஸ், ராத் என்று பெயர்; ஊர்ப் பெயரில் அந்த ஒலி வந்தால் அங்கே ஒன்று இருந்திருக்கும். லிஸ்டூன்வார்னாவிலும் இருக்கிறது. பதிவான மேடுகளைச் சட்டமும் பாதுகாக்கிறது, ஆனால் பல நூற்றாண்டு அவற்றைக் காப்பாற்றியது பயம்தான். விவசாயி உழும்போது அதைச் சுற்றிக்கொண்டு போவார். தனியாக நிற்கும் ஹாதார்ன் முள்மரமும் அப்படியே. 1999இல் கிளேரில் லட்டூன் என்ற இடத்தில் புதுச் சாலைக்காக ஒரு முள்மரம் போகவிருந்தது. கதைசொல்லி எடி லெனிஹன் அதை எதிர்த்துக் குரல் எழுப்பினார்: தெற்கு மாகாணமான மன்ஸ்டரின் ஷீக்கள் மேற்கு மாகாணமான கொனாக்டின் ஷீக்களோடு சண்டைக்குப் போகும் வழியில் கூடுமிடம் அது, வெட்டினால் அந்தச் சாலையில் சாவு விழும் என்று. மரத்தை விட்டுவைத்துச் சாலை போட்டார்கள். மரம் இன்னும் நெடுஞ்சாலையோரம் வேலிக்குள் நிற்கிறது. பொறியாளர்கள் நம்பினார்களா என்பது கேள்வியே இல்லை. ஒரு பழைய வேடிக்கை உண்டு. "ஷீக்களை நம்புறீங்களா?" "நம்புறதில்லை. ஆனா இருக்காங்க."

வீடு கட்டுமுன் நான்கு மூலையிலும் கல் வைத்துவிட்டு ஓர் இரவு காத்திருப்பார்கள். காலையில் கல் நகர்ந்திருந்தால் அது 'அவங்க' நடக்கும் பாதை. வேறு இடம் பார்க்கவேண்டும். தெரியாமல் கட்டிவிட்டால் குழந்தைக்கு நோய், மாட்டுக்கு நோய். பிறகு வீட்டு மூலையை வெட்டிச் சரிக்கவேண்டும். கட்ட அனுமதிப் பலகைக்கு முந்தைய ஆட்சேப முறை என்று இதைச் சொல்லலாம். இரவில் கல்லை நகர்த்துவது பக்கத்து வீட்டுக்காரருக்கு 20 யூரோகூட ஆகாது.

நாட்டார் வழக்கின் கசப்பான பக்கம் இதுதான், நாவல்கள் ஒதுக்கும் பக்கமும் இதுதான். 'பிஷோக்' என்பது அண்டை வீட்டான் வைக்கும் செய்வினை: உன் வைக்கோலில் முட்டைகள், நிலத்தில் புதைத்த அழுகிய இறைச்சி. மே 1 காலையில் அடுத்தவர் வீட்டின் ஆண்டு முழுக்கான வெண்ணெயைத் திருடிவிடலாம் என்று நம்பிக்கை. அதனால் அன்று நெருப்போ உப்போ பாலோ வீட்டை விட்டு வெளியே போகாது. புதிதாக வந்த கதாநாயகி மே 1 காலை கோப்பையை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டில் பால் கடன் கேட்கப் போகட்டும். கதவருகில் நிற்கும் கிழவியின் முகம் எப்படிப் போகும், அவள் என்ன சாக்குச் சொல்வாள், பிறகு மாலையில் குற்ற உணர்ச்சியோடு எத்தனை கேக் கொண்டுவந்து கொடுப்பாள் என்று எழுதினால் ஓர் அத்தியாயம் தானாக நடக்கும்.

காதல் கதைக்கு நேரடியாகப் பொருந்துவது போலத் தோன்றும் இரண்டு மரபுகளில் எச்சரிக்கை தேவை. ஒன்று கடல்கன்னி. கடற்கரையில் அவள் கழற்றி வைத்த மேலாடையை ஒருவன் எடுத்துக் கூரையில் ஒளித்துவைக்கிறான். அவள் அவனோடு போகிறாள், பிள்ளை பெறுகிறாள். ஒரு நாள் ஆடை கண்ணில் பட்டதும் பிள்ளைகளை விட்டுவிட்டுக் கடலுக்குள் போய்விடுகிறாள். இதைக் காதல் கதையாக இனிப்பாக்கினால் உடைந்துவிடும். இது விருப்பமில்லாத கல்யாணத்தின் கதை. சீதனம் பேசிக் கொண்டுவரப்பட்ட பெண்கள் அடுப்படியில் கேட்ட கதை. அந்த ஆடை என்ற சாவியை யார் ஒளித்துவைத்தார்கள் என்பதுதான் அதன் உயிர். வீட்டை மையமாகக் கொண்ட நாவலுக்கு அந்த உயிர் மட்டும் போதும்.

மற்றது மாற்றுக்குழந்தைக் கதை. 'இவள் என் மனைவி இல்லை, அவங்க விட்டுப்போன போலி' என்று நம்புவது. 1895 மார்ச்சில் டிப்பரரியின் பாலிவாட்லியில் பிரிஜெட் கிளியரி என்ற 26 வயதுப் பெண்ணைக் கணவனே எரித்துக்கொன்றான். அவள் தையல்காரி, கோழி வளர்த்துச் சொந்தமாகச் சம்பாதித்தவள். இந்தச் சம்பவம் தெரிந்த நாட்டில், 'நீ மாறிட்டே, நீ அவளே இல்லை' என்று ஒரு காதலன் விளையாட்டாகச் சொன்னாலும் அறை ஒரு கணம் அடங்கும்.

நாட்டார் வழக்கு எப்படி முளைக்கிறது என்று காட்ட ஃபீக்கிள் ஊர் வைத்தியக்காரி பிடி எர்லி நல்ல ஆதாரம். நீலக் குப்பியில் பார்த்து நோய் சொன்னவள், நான்கு முறை மணந்தவள், பாதிரியார்களோடு ஒத்துப்போகாதவள். 1870களில் இறந்துவிட்டாள். கிளேர் அணி 1914க்குப் பிறகு 81 ஆண்டு அகில அயர்லாந்து ஹர்லிங் கோப்பையை வெல்லாததற்கு அவள் சாபம்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தப் போட்டியை நடத்தும் சங்கமே 1884இல்தான் தொடங்கியது. இறந்தவள் இல்லாத விளையாட்டுச் சங்கத்தைச் சபித்திருக்கிறாள். 1995 செப்டம்பரில் கிளேர் வென்றது. மணவிலக்கு வந்ததும் அதே ஆண்டின் நவம்பரில். ஒரே இலையுதிர் காலத்தில் இரண்டு சாபம் தீர்ந்தது என்று எந்தக் கிளேர் மதுக்கடையிலாவது யாராவது சொல்லாமல் இருந்திருப்பார்களா?

மூலம் தேடுபவர்களுக்குப் பெரிய புதையல் பள்ளித் தொகுப்பு. 1937 முதல் 1939 வரை, 26 கவுண்டிகளில் சுமார் 5,000 பள்ளிகளைச் சேர்ந்த சுமார் 50,000 பிள்ளைகள், வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக் கேட்டு நோட்டுப் புத்தகத்தில் எழுதினார்கள். அரசு அமைத்த நாட்டார் வழக்கு ஆணையத்தின் வேலை. ஏறத்தாழ 7 லட்சத்து 40 ஆயிரம் பக்கம். டூகஸ் டாட் ஐ.இ. தளத்தில் ஊர்ப் பெயரைத் தட்டினால் அந்த ஊர்ப் பிள்ளையின் கையெழுத்தே திரையில் வரும். நாவலில் பாட்டிக்கு நூறை ஒட்டிய வயது என்றால், அன்று பள்ளிச் சிறுமியாக அவளே எழுதியிருப்பாள். அட்டைப்பெட்டியில் கிடைக்கும் பழைய காதல் கடிதத்தைவிட இது நம்பக்கூடியது.

பருவம்

கதாநாயகன் மாடு வளர்ப்பவன் என்றால் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அவன் தூங்கமாட்டான். கன்று ஈனும் காலம். வாலண்டைன் தின இரவு விருந்துக்கு வருகிறேன் என்றவன் முழங்கைவரை ரத்தத்தோடு தொழுவத்தில் இருப்பான். மே கடைசி, ஜூன் என்றால் சைலேஜ் அறுப்பு, குளிர்காலத் தீவனத்துக்கான புல். ஒப்பந்தக்காரரின் இயந்திரம் எப்போது வருமோ அப்போதுதான். ஆண்டுக்கொருமுறை காசநோய்ப் பரிசோதனை உண்டு. ஒரு மாடு தேறாவிட்டாலும் மொத்தப் பட்டியும் பூட்டப்படும், விற்கமுடியாது, 60 நாள் இடைவெளியில் இரண்டு சோதனை சுத்தமாக வந்தால்தான் திறக்கும். பணமுடை வேண்டுமென்றால் வங்கிக் கடனைவிட இது உண்மையானது.

கரி மண் வெட்டு இந்த நாவல்களில் சுற்றுலா போல வரும். இப்போது வெட்டுவது இயந்திரம். கட்டிகளை ஐந்தாறாகக் கூம்பு போல நிறுத்திக் காயவைப்பதுதான் மனித வேலை. முதுகு ஒடியும், மிட்ஜ் பூச்சி கடித்துக் கண் வீங்கும். 2022 அக்டோபரிலிருந்து கரி மண்ணைக் கடையில், விளம்பரத்தில் விற்கத் தடை. சொந்த உபயோகத்துக்கு வெட்டலாம். ஒருவன் ஒரு டிரெய்லர் கரி மண்ணைக் கொண்டுவந்து வீட்டுப் பின்னால் கொட்டிவிட்டுப் பேசாமல் போனால் அது சாதாரண உதவி இல்லை. ஒரு பழக்கமில்லாத வாசகர் இதைப் பூங்கொத்து அளவுக்குப் புரிந்துகொள்ள, முன்னால் எங்கோ ஒரு முதுகுவலியை எழுதி வைக்கவேண்டும்.

ஜூன் நடுவில் மேற்குக் கிளேரில் இரவு பத்து மணிவாக்கில்தான் சூரியன் விழும். நட்சத்திரத்துக்குக் கீழே முத்தம் வேண்டுமானால் பதினொன்றரை வரை விழித்திருக்கட்டும். டிசம்பரில் நாலரைக்கே இருட்டு.

பழைய நாட்களில் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது. அதனால் அதற்கு முந்தைய செவ்வாயோடு முகூர்த்தம் முடியும். தவறவிட்டவர்களை ஊர் விடாது: தவக்காலத்தின் முதல் ஞாயிறு பூசைக்குப் போகும்போது கல்யாணமாகாதவர்களின் கோட்டு முதுகில் சாக்பீஸ் கோடு போடுவார்கள். கார்க், கெரி கவுண்டிகளில் ஸ்கெலிக் பாட்டு: ஸ்கெலிக் என்ற பாறைத் தீவில் தவக்காலம் தாமதமாக வரும் என்று வைத்துக்கொண்டு, ஊரின் வயதான பிரம்மச்சாரிகளையும் கன்னிகளையும் ஜோடி சேர்த்துக் கப்பலேற்றும் நக்கல் பாட்டு. நிலம் கிடைக்காததால் மணக்க முடியாதவர்களை ஊரே சிரித்த சிரிப்பு அது. கொடூரம்தான்.

பேச்சு

ஐரிஷ் மொழியில் 'ஆமாம்', 'இல்லை' என்ற தனிச் சொற்கள் கிடையாது. கேட்ட வினையையே திருப்பிச் சொல்லவேண்டும். அந்த வழக்கம் கிளேரின் ஆங்கிலத்திலும் தங்கிவிட்டது. ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குபவர்களுக்கு இது அதிர்ஷ்டம்: "வர்றியா?" "வர்றேன்." தமிழ் இயல்பாகவே அப்படித்தான் பேசும், இடையில் ஓர் 'ஆமாம்' சேர்த்துக் கெடுக்காமல் இருந்தால் போதும். 'பால்யா' என்ற ஐரிஷ் சொல் வீட்டையும் குறிக்கும், ஊரையும் குறிக்கும். பாலி என்று தொடங்கும் ஊர்ப்பெயர்கள் பெரும்பாலும் அதிலிருந்து வந்தவை. டப்ளினில் முப்பது வருடம் வீடு கட்டிக் குடியிருப்பவரும் 'வீட்டுக்குப் போறேன்' என்றால் அண்ணன் குடியிருக்கும் பிறந்த வீட்டைத்தான் சொல்கிறார். அதை 'ஊருக்குப் போறேன்' என்று மொழிபெயர்க்கலாம், ஒரு மாற்றும் குறையாது.

பெயர்களை எழுத்துப் பார்த்துத் தமிழாக்கினால் ஆபத்து. நீவ், ஷிவான், ஈஃபா, கீவா, டைக் என்று வாயில் வருவதைத்தான் எழுதவேண்டும். 'என் இதயமே' போன்ற ஐரிஷ் கொஞ்சல்களை வாலிபர்கள் வாயில் திணிப்பதும் உடனே பிடிபடும். தேநீர் வேண்டுமா என்றால் முதலில் வேண்டாம், இரண்டாம் முறையும் வேண்டாம், மூன்றாவது முறை கேட்டால்தான் சரி. முதல் தடவையே வாங்கிக்கொள்கிறவள் அந்நியள். மூன்றாம் தடவை கேட்காமல் கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டால் அவள் வீட்டு மனுஷி ஆகிவிட்டாள்.

கல்யாணம் கேட்கும் பழைய ஐரிஷ் வழி என்று ஒன்றை எல்லோரும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்: "எங்க ஆளுங்களோட உன்னைப் புதைச்சா உனக்குச் சம்மதமா?" இதை அப்படியே வசனமாக வைத்தால் பழசாக ஒலிக்கும். ஆனால் கோடையில் ஒவ்வொரு ஊரிலும் கல்லறை ஞாயிறு வருகிறது. பாதிரியார் வந்து மந்திரிப்பதற்கு முன்னால் அந்த வாரம் முழுக்கக் குடும்பம் குடும்பமாகப் போய்க் களை பிடுங்கி, கல்லைத் தேய்த்து, வெள்ளைக் கூழாங்கல் புதிதாகப் பரப்புவார்கள். அவளுடைய பாட்டி கல்லறையை முடித்துக்கொண்டு அவள் கிளம்பும்போது, அவன் அம்மா பேச்சுவாக்கில் ஒரு வாளியையும் பிரஷ்ஷையும் நீட்டி, தங்கள் குடும்பக் கல்லைக் காட்டுகிறாள். கடைசிப் பெயருக்குக் கீழே இன்னும் இரண்டு மூன்று வரிக்கு இடம் இருக்கிறது. அவள் முட்டி போட்டு உட்கார்ந்து, மேலிருந்து தேய்க்க ஆரம்பிக்கிறாள்.